ஏழாவது ஸ்டூல்

அத்தியாயம் 11

கொர்ர்ர் என்று ஒரு மெஷின் கத்தியது.

எஸ்தர் பாயில் எழுந்து உட்கார்ந்தாள். ஜன்னல் கம்பி அதிர்ந்து அடங்கியது. மணி ஆறேகால். தெருவில் யாரோ போர் போடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். சத்தம் நின்றது. மறுபடி கேட்டபோது அது வீட்டுக்குப் பின்னாலேயே கேட்டது. ஜன்னல் வழியாக மரத்தூள் வாசனை வந்தது. அதோடு இன்னொரு வாசனை.

பெயிண்ட்.

தலைமாட்டில் பையோடு சேர்த்து வைத்திருந்த ஏழாவது ஸ்டூலைத் தேடினாள். பை இருந்தது. ஸ்டூல் இல்லை.

கொல்லைக்கு ஓடினாள்.

சாக்கு விரித்து அதன்மேல் ஆறு ஸ்டூல்கள் வரிசையாக நின்றன. ஆறும் நீலம். சும்மா நீலம் இல்லை, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கிற நீலம். ஏழாவது, ஆசாரி சின்னக்கருப்புவின் முழங்காலில் கவிழ்ந்து கிடந்தது. கையில் உப்புத்தாள் மெஷின். அடிப்பலகையில் பாதி பால் மாதிரி வெளுத்திருந்தது.

“நிறுத்தச் சொல்லுங்கப்பா.”

மெஷின் சத்தத்தில் மிக்கேலுக்கு அது கேட்கவில்லை. மகளைப் பார்த்ததும் பிரஷும் கையுமாகச் சிரித்தார்.

“முழிச்சுட்டியா ஆத்தா. நீ எந்திரிக்குமுன்ன முடிச்சுறணும்னு பாத்தேன். இந்தக் கருப்பு நாலு மணிக்கு வாரேன்னுட்டு அஞ்சரைக்கு வந்து நிக்கிறான்.”

“ஏலே மிக்கேலு, நேத்து நீ கொண்டாந்து போட்ட ஆறையும் பொழுதடையத் தேச்சுக் குடுத்தது எவன்?” என்றார் சின்னக்கருப்பு. “பாப்பா பரீட்சைக்குன்னு சொன்னியேன்னு கூலிகூட கேக்கல நான்.”

எஸ்தர் போய் அந்த ஸ்டூலைப் பிடுங்கினாள். மெஷின் சாக்கில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

அடிப்பலகையில் பென்சில் கோடுகள் இருக்க வேண்டும். இரண்டு கோடுகள் மிச்சம் இருந்தன. மூன்றாவதில் பாதி.

*

கோயம்புத்தூரில் பொருள் வடிவமைப்பு படிக்கிற எஸ்தருக்கு இது மூன்றாம் வருடம். கூடப் படிக்கிறவர்கள் கல்லூரிப் பட்டறையிலேயே உட்கார்ந்து மேஜை விளக்கும் கடிகாரமும் செய்துகொண்டிருந்தபோது, அவள் மட்டும் திராட்சைத் தோட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கி, கழுத்தை மடக்கி, நாள் முழுக்க நெருக்கமான காய்களைச் சின்னக் கத்திரியால் கழிக்கிற பெண்களில் அவளுடைய அம்மா லூர்து மேரியும் ஒருத்தி. குள்ளமான பெண்களுக்குப் பந்தல் எட்டாது. பழம் சுமக்கிற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நிற்பார்கள். ஈர மண்ணில் அது ஒரு பக்கமாகச் சாயும். சாயாத, புதையாத ஒரு ஸ்டூல். எஸ்தர் எடுத்துக்கொண்ட வேலை அதுதான்.

ஏழு வாரம். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ், சனிக்கிழமை தோட்டம், ஞாயிறு முழுக்கக் கருப்பு பட்டறையில் புதிதாக ஒரு ஸ்டூல், அதைத் தோட்டத்தில் சேர்த்துவிட்டு ராத்திரி மறுபடியும் பஸ். திங்கட்கிழமை வகுப்பில் தூங்கி விழுந்தாள். இரண்டு பாடங்களில் வருகை குறைந்தது, மார்க்கும் போனது. போன பருவத்திலேயே சராசரி சரிந்து எச்சரிக்கைக் கடிதம் வந்திருந்தது. இந்த முறையும் சரிந்தால் மூன்றாம் வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். அவளைக் காப்பாற்ற மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. நாளைக் காலை பத்து மணிக்கு நடக்கும் ஜூரி. வெளியிலிருந்து மூன்று பேர் வந்து உட்கார்ந்து மார்க் போடுவார்கள். அதில் அறுபது மார்க், எப்படிச் செய்தாய், யாரிடம் சோதித்தாய் என்பதற்கு. பினிஷிங்குக்கு இருபதே இருபது.

அந்த அறுபதும் அந்த ஸ்டூல்களில்தான் இருந்தது. தினமும் அதில் நின்று வேலை பார்த்தவர்கள் சாயங்காலம் அடிப்பலகையில் ஆளுக்கொரு கோடு போட வேண்டும். ஸ்டூல் காலில் படிந்த சேறு எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறதோ அதுதான் அது புதைந்த ஆழம். திராட்சைக் கறை, கால் தேய்த்த வழவழப்பு, எஸ்தர் எழுதி வைத்த தேதிகள். படம் எடுத்து வைத்த போன் பத்து நாளுக்கு முன்னால் சொட்டுநீர்த் தொட்டியில் விழுந்து செத்துப்போன கதை நமக்குத் தெரியும். இடமில்லை, இடமில்லை என்று மூன்று மாதமாக அது கத்தியும் அவள் படங்களை வேறெங்கும் ஏற்றி வைக்கவில்லை.

இப்போது ஆறின் அடிப்பலகைகளும் நீலம்.

“யாரு உங்கள இதச் செய்யச் சொன்னது?” என்றாள்.

மிக்கேல் பிரஷைக் கீழே வைத்தார். அவர் கம்பத்தில் ஒரு திராட்சைக் கமிஷன் கடையில் பெட்டி கட்டுகிறவர். இருபத்திரண்டு வருடத் தொழில். உதிரியும் சின்னக் குலையும் அடியில், பழத்தின்மேல் படிந்த வெண்பூச்சு கலையாத பெரிய குலை மேலே. அவர் கட்டிய பெட்டியைத் திறந்த வியாபாரி பேரம் பேசியதில்லை என்று கடையில் சொல்வார்கள்.

“நீதான ஆத்தா சொன்ன. போன தடவை மார்க்கு ஏன் கொறஞ்சுச்சுன்னு கேட்டப்ப, பினிஷிங் சரியில்லன்னு கொறச்சுட்டாகன்னு.”

எஸ்தர் கையிலிருந்த ஸ்டூலைச் சாக்கில் வைத்தாள்.

சொன்னது உண்மைதான். வகுப்புக்குப் போகாமல் போனதால் குறைந்தது என்று அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. பினிஷிங் என்றால் கேள்வி வராது என்று அப்போது தோன்றியது. கேள்வி வரவில்லை. மெஷின் வந்திருக்கிறது.

“அழுக்கும் சேறுமா இதக் கொண்டுபோய் பெரிய மனுசக முன்னாடி வச்சா என்ன நெனப்பாக?” மிக்கேலின் குரல் இறங்கியது. “பெட்டியத் தெறந்ததும் கண்ணுல படுறது மேலடுக்குத்தேன். அதுக்குத்தேன் வெலை. கோயில் சப்பரத்துக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் இருந்துச்சு, ஃபாதர்கிட்ட கேட்டு வாங்கியாந்தேன். ஒரிஜினல் எனாமல், ராத்திரியே அடிச்சுக் காயவச்சுட்டேன்.”

“அந்த அழுக்குதாம்பா என் மார்க்கு.”

மிக்கேலுக்குப் புரியவில்லை. சின்னக்கருப்புவைப் பார்த்தார். சின்னக்கருப்பு மெஷின் வயரைச் சுருட்டிக்கொண்டே, “நான் அப்பவே சொன்னேன், பாப்பாவ ஒரு வார்த்தை கேட்டுக்கன்னு,” என்றார்.

“எப்படா சொன்ன?”

“மனசுக்குள்ள சொன்னேன்.”

*

அப்பாவின் போனை வாங்கி, வழிகாட்டி ஆசிரியர் சசிதரனைக் கூப்பிட்டாள். கதை முழுவதையும் அவர் கேட்டு முடித்தார். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“ஏழுமா?”

“ஆறரை சார்.”

“சிரிக்கிறதா அழறதா தெரியலை.” அவருக்குச் சொந்த ஊர் குமுளிக்கு அந்தப் பக்கம். தமிழ் பேசினாலும் இழுவை மாறாது. “அந்த நோட்டு இருக்கில்லே?”

இருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும், அம்மாவோடு சேர்த்து ஸ்டூலைச் சோதித்த மூன்று பெண்களிடமும் கேட்டு எழுதிய மதிப்பெண்கள். கழுத்து வலி குறைந்ததா, பத்துக்கு எத்தனை. நிற்க வசதியா, பத்துக்கு எத்தனை. முதல் வாரம் ஆறும் ஏழுமாக இருந்தது. பிறகு வாரா வாரம் ஏறி, கடைசி மூன்று வாரமும் பத்து, பத்து, பத்து. அந்தப் பக்கங்களை அவள் பஸ்ஸில் எத்தனையோ முறை புரட்டிப் பார்த்திருக்கிறாள்.

“நோட்டை மட்டும் காட்டினா ஜூரி நம்பாது. நாமளே எழுதிக்கலாம்னு சொல்வாங்க,” என்றார் சசிதரன். “எஸ்தர், நான் ஒன்னு சொல்லட்டே. ஸ்டூல் போனா போகட்டும். ஆட்கள் இருக்காங்கல்லே? அந்த மூணு பேரும் அதுல நின்னு வேலை செய்யறதை வீடியோ எடு. ஒரே ஷாட், நடுவில நிறுத்தாம, இருபது நிமிஷம். ஏழு வாரம் பழகின உடம்பு பொய் சொல்லாது. கை, கால் போற விதத்திலேயே தெரிஞ்சுபோகும். பெயிண்ட் என்ன நிறம்னு யாரும் கேக்க மாட்டாங்க.”

“போதுமா சார்?”

“வேற என்ன இருக்கு உன்கிட்ட?”

கம்பத்திலிருந்து கோவை பஸ் பன்னிரண்டரைக்கு. மணி ஏழு ஆகியிருந்தது. லூர்து மேரி ஆறு மணிக்கே வேலைக்குப் போய்விட்டிருந்தாள்.

மிக்கேல் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, ஒரு சரக்கு ஆட்டோவைப் பிடித்து வந்தார். ஏழு ஸ்டூல்களையும் ஒன்றோடொன்று உரசாமல் நடுவே பழைய சேலையைச் சுருட்டி வைத்துக் கட்டினார். பெட்டி கட்டுகிற கை. முடிச்சு ஒவ்வொன்றும் ஒரே அளவில் விழுந்தது. கூடலூர் தாண்டி மண் பாதையில் இறங்கியபோது, “தின்னர் போட்டுத் தொடச்சா கோடு தெரியுமா ஆத்தா?” என்று கேட்டார்.

“தேச்சுட்டிங்கல்லப்பா. பெயிண்டுக்கு அடியில ஒண்ணும் இல்ல.”

அவர் தலையாட்டினார். அதன்பிறகு மலையைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

*

தங்கப்பாண்டியன் தோட்டத்தில் பந்தலுக்குள் இன்னும் குளிர்ச்சி மிச்சம் இருந்தது. விடியற்காலையில் தண்ணீர் விட்டிருந்ததால் மண் காலைப் பிடித்து இழுத்தது. பத்துப் பன்னிரண்டு பெண்கள் வரிசை பிரித்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். கத்திரிச் சத்தம் மட்டும் கேட்டது. கழித்த பச்சைக் காய்கள் மழைத் துளி மாதிரி விழுந்துகொண்டிருந்தன.

ஸ்டூலோடு வந்தவளை முதலில் பார்த்தவள் ஜக்கம்மா. ஐம்பது வயது, நாலே முக்கால் அடி, வாய் மட்டும் பந்தலுக்கு மேலே எட்டும்.

“என்னடி லூர்து, ஒம்மக சப்பரத்தை இங்கனயே தூக்கியாந்துட்டா. சாமி எங்க?”

“சாமி ஆட்டோவுல உக்காந்திருக்கு,” என்றாள் நதியா, வெளியே உட்கார்ந்திருந்த மிக்கேலைப் பார்த்து. கல்யாணமாகி வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, அதற்குள் ஜக்கம்மாவிடம் பாடம் படித்துவிட்டாள். பெண்கள் சிரித்தார்கள்.

லூர்து மேரி மட்டும் சிரிக்கவில்லை. நீல ஸ்டூல்களையும் மகள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்னாச்சு எஸ்தரு? இந்நேரம் நீ பஸ்ஸுக்குக் கெளம்பிட்டிருக்கணும்.”

எஸ்தர் சொன்னாள். கோடுகள் போனது, அறுபது மார்க் போனது, வருடம் போகப் போவது எல்லாம் நாலே வாக்கியத்தில் முடிந்துவிட்டது. வருடம் என்றதும் லூர்து மேரியின் கத்திரி நின்றது. இது அவளுக்குப் புதுச் செய்தி.

“வருசம் போயிருமா? நீ சொல்லவே இல்லையே.”

“இப்ப சொல்றேன்லம்மா. வீடியோ எடுத்தா தப்பிச்சுக்கலாம். நீங்க மூணு பேரும் எப்பவும் போல ஸ்டூல்ல நின்னு வேலை பாருங்க. என்னையப் பாக்காதிங்க. எப்பவும் போல. அவ்வளவுதான்.”

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்தர் அதைக் கவனிக்கவில்லை. பந்தலைத் தாங்குகிற கல் தூணில் போனைச் சாய்த்து வைத்து, கோணம் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. நொடிகள் ஓடத் தொடங்கின.

ஜக்கம்மா ஏழாவது ஸ்டூலில் ஏறினாள். ஏறியதும் ஆடினாள். வழுக்காமல் இருக்க எஸ்தர் வெட்டியிருந்த வரிப்பள்ளங்களை மெஷின் தேய்த்துவிட்டிருந்தது. கம்பியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள். பிறகு கை தானாக வேலையில் இறங்கியது. குலையை இடது கையில் ஏந்தி, நெருங்கிய காயைத் தேடி, நறுக், நறுக். பார்க்க அழகாக இருந்தது. எஸ்தருக்கு விடிந்ததிலிருந்து முதல் முறையாக மூச்சு சீரானது.

அந்தக் கொடி முடிந்தது. அடுத்த கொடிக்கு நகர வேண்டும்.

அதற்காகத்தான் எஸ்தர் ஏழாவது ஸ்டூலில் ஒரு கயிற்று வளையம் வைத்திருந்தாள். இறங்கி, கால் பெருவிரலை வளையத்தில் மாட்டி இழுத்தால் ஸ்டூல் பின்னாலேயே வரும். குனிய வேண்டாம், கத்திரியைக் கீழே வைக்க வேண்டாம். அந்த ஒரு வளையத்துக்காக இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்திருக்கிறாள்.

ஜக்கம்மா இறங்கினாள். கண் அடுத்த குலையில் இருந்தது. கால் மட்டும் பின்னால் போய், ஸ்டூலின் பக்கவாட்டை எத்தித் தள்ளியது. பழக்கப்பட்ட உதை. ஸ்டூல் அசையவில்லை. நல்ல கனமான மரம். ஜக்கம்மா “ஸ்ஸ்” என்று கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள். பிறகு இரண்டு கையாலும் ஸ்டூலைத் தூக்கி அடுத்த கொடிக்குக் கீழே வைத்தாள். வைக்கும்போது வளையம் கையில் தட்டுப்பட்டது.

“இந்தக் கயிறு எதுக்கு பாப்பா? ஆணியில மாட்டி வைக்கவா?”

எஸ்தர் தலையைத் திருப்பினாள்.

பக்கத்து வரிசையைப் பார்த்தாள். நதியா ஆறாவது ஸ்டூலில் நின்றாள். இறங்கும்போது அவளுடைய காலும் அதே மாதிரி பின்னால் போய் எதையோ உதைக்கத் தேடியது. அடுத்த வரிசைப் பெண்கள் யாரும் ஸ்டூலில் இல்லை. கவிழ்த்த பிளாஸ்டிக் பெட்டிகளில் நின்றார்கள். ஒரு கொடி முடிந்ததும் ஒரே உதை. பெட்டி சேற்றில் வழுக்கிக்கொண்டு அடுத்த கொடிக்குப் போனது. இறங்கி ஏற மூன்று நொடி ஆகவில்லை.

ஜக்கம்மாவின் வரிசையிலும் இரண்டு பெட்டிகள் கல்லுக்குப் பின்னால் கிடந்தன. அடியில் சேறு காயாமல் இருந்தது.

“அந்தப் பெட்டி யாருது?”

கத்திரிச் சத்தம் நின்றிருந்தது.

“ஜக்கம்மா அத்தை, யாருது?”

“எனக்கு என்ன தெரியும். தோட்டத்துப் பெட்டி.” ஜக்கம்மா எங்கோ பார்த்தாள். அப்புறம் அவளாலேயே தாங்க முடியவில்லை. “பாப்பா, நீ நல்லாத்தேன் செஞ்ச. கழுத்து வலி இல்ல, பொய் சொல்லல. ஆனா தூக்கித் தூக்கி வச்சா பொழுதடைய இருபது கொடி கொறையுது. தங்கப்பாண்டியன் வரிசையக் குச்சி வச்சு எண்ணுற ஆளு. அதுக்குத்தேன், நீ வர்ற சனிக்கெழமை மட்டும் ஏறி நின்னுக்குவோம்.”

“அப்ப மத்த நாளு?”

“மத்த நாளு அங்கன மோட்டார் ரூம்புல இருக்கும். பத்திரமாத்தேன் வச்சிருந்தோம்.”

எஸ்தர் அம்மாவிடம் திரும்பினாள். லூர்து மேரி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“கோடு? நாப்பத்திரெண்டு நாளு, ஆளுக்கொரு கோடுன்னு எண்ணி வச்சேனேம்மா. அதெல்லாம் யாரு போட்டது?”

“நாந்தேன்.” லூர்து மேரியின் குரல் மண்ணைப் பார்த்தே வந்தது. “வெள்ளிக்கெழமை வேலை விட்டதும் மொத்தமா உக்காந்து போட்டுருவேன். நீ ராத்திரி வந்து எறங்குமுன்ன.”

வெளியே மிக்கேல் குரல் கொடுத்தார். பத்து மணி ஆகப் போகிறது, ஆட்டோக்காரர் அவசரப்படுகிறார், இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். மூன்று பெண்களில் ஒருத்தியும் திரும்பவில்லை.

பந்தல் கல்லில் போன் அப்படியே இருந்தது. சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பதினெட்டு நிமிடம் பன்னிரண்டு நொடி. எஸ்தரின் கை அதை நிறுத்தப் போனது. போன கை பாதியில் நின்றது.

எத்தனை பஸ், எத்தனை வகுப்பு, பெஞ்சில் தலை சாய்ந்த எத்தனை திங்கட்கிழமை. புத்தகத்தை விட அனுபவம் பெரிது என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சொன்ன நாள் நினைவுக்கு வந்தது. அப்பா தேய்த்துத் தொலைத்ததாக நினைத்து விடிந்ததிலிருந்து அவரை நொந்துகொண்டாளே, அங்கே தேய்க்க எதுவும் இருந்திருக்கவில்லை. மார்க்கும் இல்லை, உழைப்பும் இல்லை. ஒரு வருடம் முழுசாகப் போய், கையில் ஆறு நீல ஸ்டூலும் பாதி தேய்த்த ஒன்றும்.

அவள் அழவில்லை. அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை.

“வாராவாரம் வந்து கேட்டேனேம்மா,” என்றாள். “நோட்டை வச்சுக்கிட்டு ஒன் முன்னாடிதான உக்காந்திருந்தேன். கயிறு வேணாம், கனமா இருக்கு, வேலைக்கு ஆகலன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா மாத்திருப்பேன்ல. ஏம்மா சொல்லல?”

லூர்து மேரி முதல் முறையாக மகளை நிமிர்ந்து பார்த்தாள்.

“நீ பத்துக்கு எத்தனைன்னுதான ஆத்தா கேட்ட, பெத்தவ கொறச்சா போடுவேன்?”